பட்டம் தராத படிப்பு

"டாக்குமெண்டரி எடுக்கணும் சித்தி, எந்த டிகிரி படிக்கலாம்?" ப்ளஸ் டூ முடித்த அக்கா மகள் கேட்டாள். கேமரா மட்டும் கற்றால் போதுமா? மீனவர்களைப் படமெடுக்க கடல் அரிப்பும் தெரியணும், படகுக் கடன் கணக்கும் புரியணுமே!

நம்ம புதுச்சேரியிலேயே ஸ்ரீஅரவிந்தர் சர்வதேச கல்வி மையம் இருக்கிறது. 1943-ல் ஆசிரமப் பள்ளியாகத் தொடங்கியது. அங்கே மேல்படிப்பில் என்ன பாடம் என்பதை மாணவர்களே தேர்ந்தெடுக்கலாம். ஆனால், கடைசியில் பட்டம் கிடையாது.

"வேலைக்குப் போனா சர்டிபிகேட் கேப்பாங்களேடி" என்றாள் அக்கா. நியாயமான பயம்தான்.

ஏ.கே.செட்டியார் கதையைச் சொன்னேன். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக்கலை படித்தவர். காந்தி பற்றிப் படமெடுக்கும் எண்ணம் 1937-ல் கப்பல் பயணத்தில்தான் அவருக்கு வந்தது. நாடு நாடாக அலைந்து படச்சுருள்கள் சேர்த்து, 1940-ல் படத்தை வெளியிட்டார். அதற்கென்று ஒரு பாடத்திட்டம் யார் போட்டுத் தந்தார்கள்?

அக்கா முழுசாக மசியவில்லை. இப்போது பெண் படிப்பது பி.ஏ. பொருளாதாரம். ஞாயிறுகளில் போனோடு வீராம்பட்டினம் கடற்கரை. முதல் படம் ஆறு நிமிஷம். வலை பின்னும் பாட்டி பேசுவது பாதிக்கு மேல் காற்றிலேயே போய்விட்டது.

மைக் வாங்க என்னிடம்தான் காசு கேட்டிருக்கிறாள். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.