பரிவும் பாத்தியமும்

நமது சிறிய தகப்பனார் தமது 68-ஆம் வயதில் காலஞ்சென்று ஓராண்டு நிறைவெய்துகின்றது. குடும்ப விஷயத்தைத் தலையங்கப் பகுதியில் பிரஸ்தாபிப்பது நமது வழக்கமன்று. ஆயினும், அவர் வாழ்க்கையில் ஒரு பொது விஷயம் அடங்கியிருக்கின்றது. நமது ஜில்லாவின் அநேக இல்லங்களில் அது இன்றும் கதவடைத்தே பேசப்படுகின்றது. ஆதலின் வாசகர்கள் பொறுத்தருள்வார்களென நம்பி எழுதத் துணிகின்றோம்.

அவர் பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குன்றியவர். எழுத்து வரவில்லை, பத்து ரூபாய் நோட்டுக்கும் நூறு ரூபாய் நோட்டுக்கும் பேதம் அறியார். ஊரார் அவருக்கு இட்டிருந்த பெயரை இங்கே எழுத நமக்கு மனமில்லை. நாம் பள்ளியில் வாசித்த காலத்தில், மாலை நாலரை மணிக்கு பஸ் நிற்குமிடத்தில் குடையும் கையுமாக நிற்பவர் அவரே. ஐப்பசி மழையிலும் குடை; வானம் துடைத்துவிட்டாற்போலிருக்கும் தை மாதத்திலும் குடை. ஒரு நாள் நாம் நனைந்து வந்ததைக் கண்டு பாட்டியார் வருந்தியது அவர் காதில் விழுந்திருந்தது, அவ்வளவே. அதன் பிறகு ஏழு வருஷம் அந்தக் குடை தவறவில்லை.

இத்தகையவரை, நமது தமக்கையாரைப் பெண் பார்க்க வந்த தினத்தில், பக்கத்துக் கிராமத்து உறவினர் வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். வம்சத்தில் தோஷமென்று பிள்ளை வீட்டார் எண்ணிவிடுவார்களென்ற பயம்! மறுநாள் திரும்பி வந்தவர் கேட்டது ஒன்றே: “எனக்குக் கேசரி எடுத்து வைத்தீர்களா?” எடுத்து வைத்திருந்தார்கள். வீட்டாருக்கு அவரிடம் அன்பில்லையென்று எவரும் சொல்ல இயலாது.

ஆனால் அன்பு வேறு, பாத்தியம் வேறு. நமது பாட்டனார் 1974-இல் உயில் எழுதாமலே காலமானார். மறு ஆண்டு எழுதப்பட்ட பாகப்பிரிவினைப் பத்திரத்தை, வக்கீல் தொழிலில் அமர்ந்த பின் நாம் வாசித்தோம். மற்றச் சகோதரருக்கெல்லாம் நன்செயும் புன்செயும் ஷெட்யூல் ஷெட்யூலாகப் பிரிந்திருக்க, இவருக்கு உணவும் உடையும் என்ற இரண்டு சொற்களே கண்டிருந்தன.

பழைய ஹிந்து தர்ம சாஸ்திரம் இத்தகையோரைப் பாகத்தினின்றும் விலக்கி ஜீவனாம்சம் மட்டும் விதித்தது. 1928-ஆம் வருஷத்துச் சட்டம் குருடர், செவிடர் முதலியோருக்கிருந்த தடையை நீக்கிற்று. ஆனால் பிறவியிலேயே சித்தம் பேதலித்தவரையும் புத்தி குன்றியவரையும் குறிப்பிட்டுச் சொல்லி வாசலிலேயே நிறுத்திற்று. 1956-ஆம் வருஷத்து ஹிந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு அத்தடையையும் தகர்த்தது. ஆகவே பாட்டனாரின் சுயார்ஜித சொத்தில் நமது சிறிய தகப்பனாருக்கு மற்றச் சகோதரரைப் போன்றே சமபங்கு உண்டு. சட்டம் மாறி 19 வருஷமாகியும், பத்திரம் எழுதியவரின் பேனாவில் பழைய ஸ்மிருதியே ஊறிக்கொண்டிருந்தது.

நோட்டைப் பேதம் பிரிக்க அறியாதவருக்கு நிலம் எதற்கென்று கேட்பாருண்டு. அவர் ஏர் பிடிக்க வேண்டியதில்லை. வருமானம் அவர் பெயரில் நின்றால், எவர் வீட்டில் இருப்பினும் அவர் பிறர் தயவில் உண்பவராகார். பாட்டியார் கடைசி நாட்களில் மருமக்களை ஒவ்வொருவராக அழைத்து, “எனக்குப் பின் இவனை யார் பார்ப்பீர்கள்?” என்று கேட்டார். பங்கு பெற்ற பிள்ளைகளைப் பற்றி அவர் அவ்விதம் எவரையும் கேட்கவில்லை.

2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் இத்தகையோர் தேசமெங்கும் சுமார் 15 லட்சம் பேர் என்று கண்டிருக்கின்றது. கேசரி எடுத்து வைத்துவிட்டு ஆளை மறைக்கும் வீடுகளை நாம் அறிவோம். ஆதலின் இத்தொகை குறைவென்பதே நமது அபிப்பிராயம்.

பெற்றோரின் கவலைக்குப் பரிகாரம் சட்டத்தில் இல்லாமலில்லை. 1999-ஆம் வருஷத்துத் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஜில்லா கலெக்டரை உள்ளிட்ட உள்ளூர்க் கமிட்டியிடம் பெற்றோரோ உறவினரோ மனுச் செய்து காப்பாளரை நியமிக்கச் செய்யலாம். கமிட்டியில் அங்கஹீனமுற்ற ஒருவரும் அமர வேண்டும். 2016-ஆம் வருஷத்துச் சட்டம் இன்னும் ஒரு படி முன்சென்று, காப்பாளர் தம் இஷ்டம்போல் ஆளாமல், காக்கப்படுபவரோடு கலந்தே தீர்மானிக்க வேண்டுமென்கிறது. இது நியாயமே. நமது சிறிய தகப்பனாருக்கு எவர் வீட்டில் உறங்குவது, எவர் கையால் காபி வாங்குவது என்பதிலெல்லாம் திடமான அபிப்பிராயம் உண்டு. கேட்டவர்தாம் இல்லை.

கலெக்டர்கள் இக்கமிட்டியை மாதம் ஒரு முறையேனும் தாலுகாதோறும் கூட்டி, தேதியை முன்கூட்டியே பிரசுரிக்க வேண்டும். பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவுக்கு வரும்போது, பங்கு பெறாத வாரிசு எவரேனும் வீட்டில் உண்டா என்று ஸப்-ரிஜிஸ்திரார் வாய்விட்டுக் கேட்கும்படி சர்க்கார் உத்தரவு பிறப்பிக்க வேண்டும். இவற்றுக்குப் புதிய சட்டசபை விவாதம் அவசியமென்று நமக்குத் தோன்றவில்லை. மனு எழுத வகையறியாத பெற்றோர் ஞாயிறு காலைகளில் நமது காரியாலயத்துக்கு வரலாம். பிள்ளையையும் உடனழைத்து வருக. கட்டணம் கிடையாது.