சால்வைக்கு முன் ஓர் ஒலிப்பதிவு

சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது 2010-இல் பம்பாய் சகோதரிகள் சரோஜா, லலிதாவுக்கும், 2018-இல் அருணா சாய்ராமுக்கும், 2023-இல் பாம்பே ஜெயஸ்ரீக்கும் கிடைத்தது. அவர்கள் எல்லோரும் நம் மும்பை நகரத்தில் வளர்ந்து, இங்கேயே பாடக் கற்றவர்கள். பிறகு சென்னைக்குக் குடிபோனாலும் ஊர்ப் பெயரைத் தங்கள் பெயரோடு சேர்த்தே எடுத்துப்போனவர்களும் அவர்களில் உண்டு. மகளிருக்கான இந்தச் சிறப்பிதழை அந்தப் பெருமிதத்தோடு தொடங்குகிறோம். பெருமிதத்தோடு ஒரு கவலையும் இருக்கிறது. அதைச் சொல்லவே இந்தத் தலையங்கம்.

மேடையில் நின்ற இந்தப் பெண்களை உலகம் அறியும். இவர்களுக்கு முதல் பாடம் சொன்னவர்களை நாமே மறந்துகொண்டிருக்கிறோம். அருணாவுக்கு முதல் குரு அவருடைய தாயார் ராஜலட்சுமி சேதுராமன். வீணை தனம்மாளின் பேத்தி பிருந்தா பம்பாய்க்கு வந்து சிறுமி அருணாவுக்குக் கற்பித்தார் என்றால், அதற்கு அந்த வீட்டின் கதவு எப்போதும் இசைக்குத் திறந்திருந்ததுதான் காரணம். ஜெயஸ்ரீக்கும் சங்கர் மகாதேவனுக்கும் குருவாக இருந்தவர் டி. ஆர். பாலாமணி. பாடகர் ஹரிஹரனின் தாயார் அலமேலு மணி தலைமுறை தலைமுறையாக மாணவர்களை உருவாக்கினார். அவர் கணவர் எச். ஏ. எஸ். மணிதான் பம்பாய் சகோதரிகளுக்கு ஆரம்ப குரு. மாட்டுங்காவில் 1945-இல் தொடங்கிய ராஜராஜேஸ்வரி பரதநாட்டிய கலா மந்திரின் கோவிந்தராஜ பிள்ளையை நடன உலகம் நன்றாக அறியும். அவரோடு நின்று கற்பித்த மனைவி கருணாம்பாள் தஞ்சைக் குப்பையா பிள்ளையின் மகள். நட்டுவாங்கம் ஆண்களின் தொழிலாகவே கருதப்பட்ட காலத்தில், தமிழே தெரியாத நகரத்துப் பெண்பிள்ளைகளுக்கு அடவு சொல்லிக்கொடுத்து ஆசிரியையாக நிலைபெற்றவர் அவர். கருணாம்பாளைப் பற்றித் தமிழில் ஒரு முழுப் புத்தகம் வந்திருக்க வேண்டும்.

மும்பைத் தமிழ்ப் பெண்களின் பெரிய சாதனை கற்பித்தல்தான் என்பது எங்கள் முடிவு. கணவரின் அலுவலக வேளை, பிள்ளைகளின் பள்ளி வேளை, தண்ணீர் வரும் வேளை இவற்றுக்கு நடுவே ஒரு சின்ன அறையில் பாய் விரித்து அவர்கள் நடத்திய வகுப்புகளால்தான் சண்முகானந்தா அரங்கமும் செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியும் ரசிகர்களைப் பெற்றன. அந்த வகுப்புகளுக்கு விளம்பரப் பலகை கிடையாது, பதிவேடு கிடையாது. கற்றவர்களின் நினைவில் மட்டும்தான் இருக்கின்றன.

கர்நாடக இசைக்கு வெளியேயும் பெயர்கள் உண்டு. பம்பாயின் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த உஷா உதுப்புக்கு 2024-இல் பத்மபூஷண் கிடைத்தது. செம்பூரில் வளர்ந்த வித்யா பாலன் தேசிய விருது வாங்கினார். மும்பையில் பிறந்த அருந்ததி சுப்பிரமணியத்துக்கு ஆங்கிலக் கவிதைக்காக 2020-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. இவர்களைப் பத்திரிகைகள் போதிய அளவு எழுதிவிட்டன. நாம் நின்று பேச வேண்டியவர் ராமன் பரிமளா.

சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் படித்த பரிமளா, கொலாபாவில் இருக்கும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்து, 1976-இல் மும்பைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பிரெஞ்சுக் கணிதமேதை செர் 1955-இல் எழுப்பிய புகழ்பெற்ற கேள்வி ஒன்றுக்கு அந்த 1976-இல்தான் விடை கிடைத்தது. அதே கேள்வியை இருபடி வடிவங்களுக்குக் கேட்டால் விடை மாறிவிடும் என்று காட்டியவர் நம் பரிமளா. 1987-இல் பட்நாகர் விருது. 1994-இல் சூரிச்சில் நடந்த உலகக் கணித மாநாட்டில் அழைக்கப்பட்ட பேச்சாளர். 2010-இல் ஹைதராபாத்தில் அதே மாநாடு கூடியபோது முழு அவை முன் உரையாற்றினார். பல பத்தாண்டுகள் மும்பையில் பணியாற்றிய பின் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்துக்குப் போனார். இந்த நகரத்தின் தமிழ் விழா மேடைகளில் அவர் பெயரை அடிக்கடி கேட்க முடிவதில்லை. கணிதம் புரியாது என்பதற்காக அவரைக் கொண்டாடாமல் இருக்கலாமா? ராகம் புரியாதவர்களும் அருணாவுக்குக் கைதட்டத்தானே செய்கிறோம். எட்டாம் வகுப்பில் கணக்குப் பாடத்தைக் கண்டு பயப்படும் ஒரு பெண்பிள்ளைக்கு இந்தப் பெயர் தெரிய வேண்டும்.

இப்போது எங்கள் கவலைக்கு வருகிறோம். மேலே சொன்ன பெயர்களில் ஒன்றுகூடத் தாராவியைச் சேர்ந்தது இல்லை. மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் நம்முடைய கௌரவப் பட்டியல்கள் அந்தத் தூரத்தைக் கடந்ததே இல்லை. கல்வியும் வசதியும் முன்பே வாய்த்த குடும்பங்களின் பெண்களே பெரும்பாலும் மேடைக்கு வந்தார்கள். திருநெல்வேலிச் சீமையின் வறண்ட கிராமங்களிலிருந்து சாதிக் கொடுமைக்கும் பஞ்சத்துக்கும் தப்பி வந்து, தோல் ஷாப்புகளை ஒட்டிய சேற்று நிலத்தில் குடிசை போட்டவர்களின் மகள்களும் பேத்திகளும் வரவில்லை. சாதித்தவர்கள் அங்கே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

விடியற்காலையில் மும்பைத் தெருக்களில் ஹாரன் அடித்துக்கொண்டு வரும் இட்லிக்காரரை எல்லோருக்கும் தெரியும். இரவு மாவரைத்து, மூன்று மணிக்கு எழுந்து அவித்து அடுக்கித் தந்த பெண்ணை யாருக்கும் தெரியாது. தீபாவளிக்கு இந்த நகரம் தின்னும் முறுக்கில் எவ்வளவு தாராவிப் பெண்களின் கை பிழிந்தது என்று கணக்கு எடுத்தவர் இல்லை. அந்த வருமானத்தில் பிள்ளைகளை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே பாடம் சொன்ன தமிழ் டீச்சர்கள், ஏழாம் வகுப்போடு நின்றுபோகவிருந்த பெண்பிள்ளைகளின் வீட்டுக்கே போய், "மேல படிக்க வையுங்க ஆச்சி" என்று மன்றாடினார்கள். அப்படிப் படித்தவர்களில் செவிலியர்கள், வங்கி ஊழியர்கள், வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். 1992-93 மும்பைக் கலவரத்துக்குப் பிறகு சந்துகளில் அமைதிக்காக உழைத்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். பொங்கலன்று தாராவியின் நைன்டி ஃபீட் ரோட்டில் வரிசையாக அடுப்பு மூட்டி, இது தங்கள் தெருவும்தான் என்று நிலைநாட்டியவர்களும் அந்தப் பெண்களே. இவையெல்லாம் சாதனை இல்லையென்றால் வேறு எது சாதனை?

வழி தெரியாமல் நாம் நிற்கவில்லை. அம்பை என்கிற சி. எஸ். லக்ஷ்மி, நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ் ஆகியோருடன் சேர்ந்து 1988-இல் இந்த நகரத்தில் ஸ்பாரோ அமைப்பைத் தொடங்கினார். பெண்களின் குரலை நாடாவில் பதிவதும், அவர்களின் புகைப்படங்களையும் கடிதங்களையும் காப்பதுமே அதன் வேலை. எழுதத் தெரியாத பெண்ணுக்கும் வரலாறு உண்டு, அவளைப் பேசவைத்துக் கேட்டால் போதும் என்பது அதன் அடிப்படை. தஹிசரில் இருக்கும் அந்த ஆவணக் காப்பகத்தை இதுவரை பார்க்காத மும்பைத் தமிழர்கள் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். 2021-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது அம்பைக்குக் கிடைத்தபோது, தமிழுக்காக அதைப் பெற்ற நான்காவது பெண் அவர். ராஜம் கிருஷ்ணன், லக்ஷ்மி என்ற மற்றொரு எழுத்தாளர், திலகவதி ஆகியோருக்குப் பிறகு நான்காவது பெண்ணுக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. அம்பையின் கதைகள் நிலைக்கும். ஆனாலும் ஒரு சமூகம் என்ற வகையில் நாம் அவரிடமிருந்து கற்க வேண்டியது, உட்கார்ந்து கேட்கும் அந்தப் பொறுமையை.

அவசரத்துக்கு ஒரு காரணம் உண்டு. தாராவி மறுசீரமைப்பு நெருங்கிவிட்டது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததற்கு ஆவணம் உள்ளவர்களுக்கே தாராவிக்குள் இலவச வீடு. மற்றவர்கள், குறிப்பாக மாடி அறைகளில் வாடகைக்கு இருப்பவர்கள், வெளியே போக வேண்டியிருக்கும். ஒரே சந்தில் ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்த பெண்கள் நகரத்தின் நாலா மூலைக்கும் சிதறிய பிறகு, "நீங்க தாராவிக்கு எந்த வருஷம் வந்தீங்க ஆச்சி?" என்று கேட்க யார் அவர்களைத் தேடிப் போவார்கள்? சுவரை இடித்தால் வேறு சுவர் கட்டலாம். எழுபது வயதுக்காரியின் நினைவுக்கு மாற்று கிடையாது.

ஆகவே இவ்வாண்டு சால்வைக்கும் நினைவுப் பரிசுக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை ஒலிப்பதிவுக்குக் கொடுக்கும்படி தமிழ் அமைப்புகளைக் கேட்டுக்கொள்கிறோம். அடுத்த இதழிலிருந்து சில பக்கங்களை இதற்கென ஒதுக்குகிறோம். வாசகர்கள் செய்ய வேண்டியது எளிது. உங்கள் வீட்டிலோ, தெருவிலோ, நீங்கள் படித்த பள்ளியிலோ இருக்கும் ஒரு பெண்ணிடம் கைபேசியில் ஒரு மணி நேரம் பேசிப் பதிவு செய்யுங்கள். முதலில் அவருடைய சம்மதத்தைக் கேளுங்கள். பிறந்த ஊர், மும்பைக்கு வந்த ஆண்டு, செய்த வேலை, அதில் கிடைத்த கூலி, யாருக்கு என்ன கற்றுக்கொடுத்தார் என்பவற்றை அவர் சொற்களிலேயே எழுதுங்கள். திருநெல்வேலிப் பேச்சைத் திருத்தாதீர்கள், இடையில் கலந்த மராத்தியையும் இந்தியையும் நீக்காதீர்கள். அட்லாண்டாவிலோ துபாயிலோ இருக்கும் மும்பைப் பெண்களும் தங்கள் ஆசிரியைகளைப் பற்றி எழுதலாம். எழுதி எங்களுக்கு அனுப்புங்கள்; ஒரு வரியும் வெட்டாமல் வெளியிடுவோம்.