ராணுவ லேண்ட் ரோவரும் கேமரன் மலை விவசாயியும்: பதிவில்லாத வண்டிக்கு யார் பொறுப்பு?

விடியற்காலையில் கம்போங் ராஜாவிலோ கீ ஃபார்மிலோ சாலையோரம் நின்று பாருங்கள். முட்டைகோசையும் தக்காளியையும் கூடை கூடையாக ஏற்றிக்கொண்டு, பண்ணைச் சரிவிலிருந்து பழைய லேண்ட் ரோவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி வரும். சிலவற்றுக்குக் கதவு இருக்காது. சிலவற்றில் பின்விளக்கு எரியாது. சிலவற்றில் எண் பட்டையே இருக்காது.

இந்த வண்டிகளைப் பற்றிய பேச்சு எப்போதும் சம்மனில் தொடங்கி சம்மனில் முடிகிறது. ஜேபிஜே அமலாக்க நடவடிக்கை எடுத்தால் விவசாயிகள் வயிற்றில் அடிக்கிறார்கள் என்கிறோம். நடவடிக்கை இல்லையென்றால் சுற்றுப்பயணிகள் கண்டுகொள்வதே இல்லை என்கிறார்கள். இரு தரப்பும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: அந்த வண்டி ஒருவரை மோதிவிட்டால், இழப்பீடு எங்கிருந்து வரும்?

பண்ணைக்கென்று பிறந்த வண்டி

லேண்ட் ரோவர் 1948-ல் அறிமுகமானது. விவசாயிகளை மனத்தில் வைத்துத்தான் அதை வடிவமைத்தார்கள். பிறகு ராணுவங்கள் அதை விரும்பி வாங்கின. மலாயாவில் அவசரகாலம் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். பிரிட்டிஷ் ராணுவம் கொண்டுவந்தவை, பின்னாளில் நமது ராணுவம் பயன்படுத்திக் கழித்தவை என்று பல வண்டிகள் கைமாறிக் கைமாறி மலையேறின. பண்ணைக்குப் பிறந்த வண்டி, பாசறைக்குப் போய், மறுபடியும் பண்ணைக்கே வந்து சேர்ந்தது.

மலை விவசாயி இதை விரும்புவதற்குக் காரணம் இருக்கிறது. நான்கு சக்கரமும் இழுக்கும். அலுமினிய உடம்பு என்பதால் மழையிலும் பனிமூட்டத்திலும் சீக்கிரம் துருப்பிடிக்காது. பழுதானால் உள்ளூர்ப் பட்டறையிலேயே சரிசெய்துவிடலாம். புதிய ஹைலக்ஸ் வாங்கும் விலையை நினைத்துப் பார்த்தால் இதில் அதிசயப்பட எதுவுமில்லை.

நிலத்தின் கதையையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மலையில் பல விவசாயிகள் டிஓஎல் எனப்படும் தற்காலிக உரிமத்தில் பயிர் செய்தவர்கள். ஆண்டு முடிந்தால் அந்த உரிமமும் முடியும். மறுபடி புதுப்பிக்க வேண்டும். அடுத்த ஆண்டு நிலம் கையில் இருக்குமா என்று தெரியாதவர், ஒன்பது ஆண்டுக் கடனில் புது வண்டி எடுக்கத் துணிவாரா? போ போன்ற தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த குடும்பங்களிலிருந்து காய்கறி விவசாயத்துக்கு வந்த நம்மவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

சிக்கல் எங்கே?

ராணுவ வண்டிகளுக்கு 'இசட்' எழுத்தில் தொடங்கும் தனி எண் உண்டு. ராணுவம் அந்த வண்டியைக் கழித்து விற்கும்போது அந்த எண் கூடவே வராது. வாங்கியவர் அதைப் பொதுச் சாலைக்குக் கொண்டுவர வேண்டுமானால் ஜேபிஜேயில் தம் பெயரில் பதிவு செய்ய வேண்டும். அதற்கு விற்பனைப் பத்திரம் வேண்டும். இஞ்சின் எண்ணும் சேஸி எண்ணும் பத்திரத்தோடு ஒத்துப்போக வேண்டும். பரிசோதனையில் தேற வேண்டும்.

பல வண்டிகள் இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன. ஏலம் எடுத்தவர் ஒருவர், பட்டறைக்காரர் ஒருவர், விவசாயி மூன்றாவது ஆள். மூன்றாவது கைக்கு வரும்போது பத்திரம் காணாமல் போயிருக்கும். பழைய இஞ்சினைக் கழற்றிவிட்டு ஜப்பானிய டீசல் இஞ்சினைப் பொருத்தியிருப்பார்கள். அந்த மாற்றத்துக்கு ஜேபிஜே அனுமதி வாங்கியிருக்க மாட்டார்கள். இன்னும் சில வண்டிகள் இரும்புச் சாமானாக, அதாவது 'சிசா'வாக விற்கப்பட்டவை. உதிரிப்பாகத்துக்காக விற்ற வண்டியைப் பட்டறையில் உயிர்ப்பித்து ஓட்டினால், அதற்குப் பதிவு கேட்டு எந்த முகப்பில் போய் நிற்பது?

பண்ணைக்குள் ஓடும்வரை இது பெரிதாகத் தெரிவதில்லை. 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் 'சாலை' என்று சொல்வதில், தனியார் பராமரிக்கும் தனியார் சாலை சேராது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது பழகிய விஷயம். தோட்டத்துச் செம்மண் சாலையில் எந்த டிராக்டருக்கு ரோட்டெக்ஸ் இருந்தது? ஆனால் பண்ணைப் பாதை முடிந்து கூட்டரசு சாலை 59-ல் டயர் பட்டவுடன் கதை மாறிவிடுகிறது. தாப்பாவிலிருந்து ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் வழியாகக் கம்போங் ராஜாவுக்குப் போகும் அதே சாலையில்தான் வார இறுதியில் சுற்றுலா பேருந்துகளும் பள்ளிப் பிள்ளைகளும் மோட்டார் சைக்கிள்களும் போகின்றன.

சம்மனைவிடப் பெரிய கணக்கு

பதிவு இல்லையென்றால் ரோட்டெக்ஸ் இல்லை. முறையான காப்புறுதியும் இல்லை. மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம் என்கிறது அதே சட்டத்தின் 90-ஆவது பிரிவு. பிரேக் பிடிக்காமல் சரிவில் இறங்கிய வண்டி ஒரு மோட்டார் சைக்கிளோட்டியை மோதினால், வழக்குப் போட்டு வெல்லலாம். ஆனால் தீர்ப்புப் பணத்தைக் கொடுக்கக் காப்புறுதி நிறுவனம் இருக்காது. காப்புறுதி இல்லாத வண்டியால் பாதிக்கப்பட்டவர்கள் மோட்டார் இன்சூரர்ஸ் பீரோவிடம் போகலாம். அது கொடுக்கும் பணத்தைப் பிறகு வண்டிக்காரரிடமே திரும்பக் கேட்கும். ஒரு பருவத்துக் கோசு விலை விழுந்தாலே தடுமாறும் குடும்பம் அதை எப்படித் தாங்கும்?

வண்டியின் பின்னால் நின்றுகொண்டு போகும் தொழிலாளர்களையும் மறக்கக்கூடாது. சட்டப்படி வேலைக்கு எடுத்த வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் 2019 முதல் சொக்சோ பாதுகாப்பு உண்டு. சொந்தமாக விவசாயம் செய்பவரும் சுயதொழில் திட்டத்தின்கீழ் சொக்சோவில் சேரலாம். வண்டிப் பதிவு தீரும்வரை காத்திருக்காமல் இன்றே செய்யக்கூடியது இது.

நடுவழி உண்டு

பண்ணை வண்டிகளுக்குத் தனிப் பதிவு வேண்டும் என்ற கோரிக்கை மலையில் புதிதல்ல. அதில் என்ன நிபந்தனை இருக்க வேண்டும் என்பதில்தான் தெளிவு தேவை.

லேண்ட் ரோவர் பிறந்த பிரிட்டனையே பார்ப்போம். ஒரே விவசாயியின் ஒரு நிலத்திலிருந்து இன்னொரு நிலத்துக்குப் போக மட்டும் சாலையைத் தொடும் வண்டிக்கு, அந்தத் தூரம் 1.5 கிலோமீட்டரைத் தாண்டாவிட்டால், அங்கே சாலை வரி விலக்கு உண்டு. ஆனால் பதிவுக்கும் காப்புறுதிக்கும் விலக்கு இல்லை. வரியில் இரக்கம் காட்டலாம், பாதுகாப்பில் காட்டக்கூடாது என்பதே அதன் சாரம்.

நமக்கும் அந்தக் கோடு பொருந்தும். வட்டாரத்தைத் தாண்டக்கூடாது, வேகக் கட்டுப்பாடு வேண்டும், பின்னால் ஆள் ஏற்றக்கூடாது என்று நிபந்தனை போடலாம். பிரேக், ஸ்டீரிங், விளக்கு, டயர் ஆகியவற்றை மலையிலேயே வந்து பரிசோதிக்கலாம். பத்திரம் தொலைந்தவர்களுக்குக் காலக்கெடு கொடுத்து, திருட்டு வண்டி அல்ல என்று உறுதிசெய்தபின் பதியலாம். வயதான வண்டியைக் காப்புறுதி நிறுவனங்கள் ஒதுக்கினால், அப்படிப்பட்டவற்றுக்காகவே எம்எம்ஐபி என்ற பொதுத் தொகுப்பு இருக்கிறது. பதிவு இருந்தால்தான் அந்தக் கதவைத் தட்ட முடியும்.

பிரேக் தேறாத வண்டியைப் பண்ணைக்குள்ளேயே நிறுத்திவிட வேண்டும். அதில் சமரசம் கேட்கும் உரிமை விவசாயிக்கும் இல்லை.

வாங்கும் முன்

பழைய ராணுவ வண்டி வாங்க நினைப்பவர்கள் முன்பணம் கொடுப்பதற்குமுன் மூன்றைக் கேளுங்கள். ராணுவம் அதை வாகனமாக விற்றதா, சிசாவாக விற்றதா? விற்பனைப் பத்திரத்தின் மூலப்பிரதி இருக்கிறதா? சேஸியில் பொறித்த எண்ணும் பத்திரத்தில் உள்ள எண்ணும் ஒன்றா? "அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விற்பவர் சொன்னால், பிறகு பார்த்துக்கொள்ள வேண்டியவர் நீங்கள் மட்டுமே. ஏற்கெனவே வாங்கியவர்கள் கையில் உள்ள ரசீது, கடிதம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். தனித்தனியாக அலையாமல், விவசாயிகள் சங்கத்தின் வழியாகப் பட்டியலிட்டு ஜேபிஜேயிடம் கொண்டுபோங்கள்.

எண் பட்டை என்பது போலீஸ்காரர் பார்ப்பதற்கு மட்டும் மாட்டுவதல்ல. விபத்து நடந்த அன்று, அடிபட்டவரின் வீட்டார் பிடித்துக்கொள்ளக்கூடிய ஒரே கயிறு அதுதான். மலையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு கூடையும் சந்தைக்கு வந்து சேர வேண்டும். அதே சாலையில் போகும் ஒவ்வொருவரும் வீட்டுக்கு வந்து சேர வேண்டும்.