மண்ணில் தங்கிய உரம் யாருடையது?

2016இல் என் அப்பாவும் அம்மாவும் கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே இரண்டு ஏக்கரை வாய்மொழிக் குத்தகைக்கு எடுத்துப் புழுதியில் நெல் விதைத்தார்கள். எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். ஆவணியில் காய்ந்த மண்ணிலேயே விதைத்து, கிடைக்கிற தூறலில் முளைக்கவிட்டு, ஐப்பசி மழை வந்ததும் வயலில் தண்ணீர் கட்டுவார்கள். அடியுரமாக இரண்டு மூட்டை டி.ஏ.பி. போட்டார்கள். அம்மாவின் கம்மலை அடகு வைத்து வாங்கிய உரம். ஐப்பசி வந்தது, மழை வரவில்லை. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுக்க வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்தது. டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கொட்டிய மழை, கருகிப்போன பயிரின் மேல்தான் விழுந்தது.

2017 ஜனவரி 10 அன்று எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக மாநில அரசு அறிவித்தது. நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம். எங்கள் இரண்டு ஏக்கருக்கான பணம், பட்டா யார் பெயரில் இருந்ததோ அவர் கணக்குக்குப் போனது. இது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்து நடந்தது.

சித்திரையில் நிலக்காரர் அப்பாவைக் கூப்பிட்டு, "இந்த வருஷம் நாங்களே பாத்துக்கிறோம்" என்றார். பேச்சில் கிடைத்த நிலம், பேச்சில் போனது. அடுத்த பருவத்தில் மழை பெய்தது, அவருக்கு நன்றாகவே விளைந்தது. அந்த வரப்பு வழியாகப் போகும்போது அம்மா சொன்னார்: "நாம போட்டதுதான் அவருக்கு வெளையுது." ஆற்றாமையில் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பின்னால் நிலவுடைமை வரலாற்றில் ஆய்வு செய்யப் போய், வழியில் கொஞ்சம் மண்ணியலும் படித்தபோதுதான், அம்மா சொன்னது வேதியியல்படியும் சரி என்று புரிந்தது.

கணக்கைப் பாருங்கள். 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையில் 9 கிலோ தழைச்சத்தும் 23 கிலோ மணிச்சத்தும் இருக்கின்றன. மணிச்சத்து தண்ணீரோடு எளிதில் ஓடிவிடாது, மண் துகளோடு ஒட்டிக்கொள்ளும். நன்றாக விளைகிற ஆண்டிலேயே போட்டதில் 15 முதல் 20 விழுக்காட்டைத்தான் முதல் பயிர் எடுக்கும். கருகிய பயிர் என்ன எடுத்திருக்கப் போகிறது? அப்பா போட்ட 46 கிலோ மணிச்சத்தில் 37 கிலோவுக்குக் குறையாமல் அந்த மண்ணிலேயே இருந்திருக்கும். அதாவது ஒன்றரை மூட்டைக்கு மேல். இன்று மூட்டை 1,350 ரூபாய். அத்தனையும் அடுத்த பயிருக்கு உடனே கிடைக்கும் வடிவில் இருக்காது, உண்மைதான். ஒரு பகுதி சுண்ணாம்போடும் இரும்போடும் கட்டுண்டு கிடக்கும். ஆனால் பருவத்துக்குப் பருவம் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்ந்து கொடுக்கும்.

தழைச்சத்து அப்படி இல்லை. மழையில்லாத மண்ணில் அது நைட்ரேட்டாகச் சேர்ந்து கிடக்கும். காய்ந்த மண்ணில் முதல் மழை விழுந்ததும் நுண்ணுயிர்கள் விழித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் தழைச்சத்தை வெளியே விடும். கென்யாவில் வேலை பார்த்த எச்.எஃப். பிர்ச் என்ற மண்ணியலாளர் 1958இல் இதை விரிவாக எழுதியதால் ‘பிர்ச் விளைவு’ என்கிறார்கள். புழுதி நெல்லில் என்ன சிக்கல் என்றால், வயலில் தண்ணீர் கட்டியதும் அந்த நைட்ரேட்டில் ஒரு பகுதி வாயுவாகப் பறந்துவிடும், ஒரு பகுதி வேருக்குக் கீழே இறங்கிவிடும். எங்கள் வயலில் மிஞ்சியிருந்த தழைச்சத்தில் பெரும்பகுதியை வர்தா மழையே கொண்டுபோயிருக்கும். ஆகவே வறட்சிக்கு அடுத்த பருவத்தில் எடுத்த எடுப்பிலேயே யூரியாவைக் கொட்டுவது காசைக் கொட்டுவதுதான். பயிர் வேர் பிடித்த பிறகு பிரித்துப் பிரித்துப் போட வேண்டும். சாம்பல் சத்தில் பெரும்பகுதி வைக்கோலில் இருக்கிறது. கருகிய பயிரை மடக்கி உழுதால் அது வயலிலேயே தங்கும், மாட்டுக்கு அறுத்துப் போட்டால் வயலைவிட்டுப் போய்விடும். நாங்கள் மாட்டுக்கு அறுத்தோம். அந்த ஆண்டு வேறு தீவனம் இல்லை.

இதையெல்லாம் வைத்து வேளாண் துறை சொல்லும் அறிவுரை சரியானதுதான். மண்ணைப் பரிசோதித்துப் போடு, தங்கியிருப்பதைக் கழித்துக்கொள், தொழு உரமும் ஏரி வண்டலும் சேர். நம் மாவட்டத்திலேயே திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.கே.எம். என்று தொடங்கும் நெல் ரகங்கள் அங்கிருந்து வந்தவை. அவர்களைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. இந்த அறிவுரை யாரைப் பார்த்துப் பேசுகிறது என்பதுதான் என் கேள்வி. தங்கியதைக் கழித்துக்கொள்ள வேண்டுமானால், போட்டவரே அடுத்த ஆண்டும் அந்த மண்ணில் நிற்க வேண்டும்.

மண்வள அட்டையை எடுத்துக்கொள்வோம். 2015 பிப்ரவரியில் ஒன்றிய அரசு தொடங்கிய திட்டம். அதன் விதிப்படி பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி. பத்து ஹெக்டேர் என்றால் ஏறத்தாழ 25 ஏக்கர். சேரியை ஒட்டிய மேட்டு நிலத்தில் அரை ஏக்கர் வைத்திருப்பவருக்கும், ஏரி மதகுக்குக் கொஞ்சம் தள்ளி ஐந்து ஏக்கர் வைத்திருப்பவருக்கும் ஒரே எண்! எந்தச் சாதிக்கு எந்த மண் கிடைத்தது என்பது நம் ஊர்களில் தற்செயல் அல்ல என்று தெரிந்தவர்கள் இப்படிக் கட்டம் போட்டிருக்க மாட்டார்கள்.

ஏரி வண்டல்? வறட்சியில் ஏரி காயும்போதுதான் அதை அள்ள முடியும். 2017இல் அந்த வறட்சியை ஒட்டியே இலவசமாக அள்ளிக்கொள்ள அரசு அனுமதித்தது. நல்ல முடிவு. ஆனால் விண்ணப்பத்தோடு நிலத்தின் ஆவணம் வைக்க வேண்டும், குத்தகைக்காரர் என்றால் பதிவு செய்த குத்தகைக்குச் சான்று வேண்டும். பதிவு செய்த குத்தகை வைத்திருக்கும் தலித் குடும்பம் ஒன்றை எங்கள் பக்கத்தில் நான் இதுவரை சந்திக்கவில்லை.

தொழு உரத்துக்கு மாடு வேண்டும், மாட்டுக்கு மேய்ச்சல் வேண்டும். கும்மிடிப்பூண்டி வட்டத்தில் இருக்கும் தேர்வாய் கண்டிகை கிட்டத்தட்ட முழுக்கவே தலித் மக்கள் வாழும் ஊர். அவர்கள் தலைமுறைகளாக மாடு மேய்த்து, விறகு பொறுக்கிய சுமார் 1,127 ஏக்கர் மேய்க்கால் நிலம் சிப்காட்டுக்குக் கொடுக்கப்பட்டது. அதில் ஒரு பகுதியில் மிஷ்லின் டயர் ஆலை வந்தது. ஊர் மக்கள் போராடினார்கள், 2012இல் பிரான்சு வரை முறையீடு போனது. அன்று இதை வேலைவாய்ப்பா, சுற்றுச்சூழலா என்றுதான் விவாதித்தோம். மேய்க்கால் போனால் மாடு போகும், மாடு போனால் எரு போகும், எரு இல்லாத மண் அடுத்த வறட்சியில் ஈரம் பிடிக்காது என்பதை யாரும் கணக்கில் சேர்த்ததாக எனக்கு நினைவில்லை.

இதே சங்கிலியை 130 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் எழுதியிருக்கிறார். ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்ற ஆங்கிலேய வேளாண் வேதியியலாளர் 1889 இறுதியில் இந்தியா வந்து நாடு முழுக்கச் சுற்றி, 1893இல் அறிக்கை வெளியிட்டார். விறகு இல்லாததால்தான் சாணத்தை எரிக்கிறார்கள், எனவே விறகுக்கும் தீவனத்துக்கும் பொது நிலங்களை ஒதுக்க வேண்டும் என்பது அவர் பரிந்துரை. அவரை நான் இங்கே கொண்டுவர இன்னொரு காரணம் உண்டு. அவருடைய நாட்டில் 1875இலும் 1883இலும் வந்த சட்டங்களின்படி, குத்தகை முடிந்து வெளியேறுகிற விவசாயி மண்ணில் விட்டுப்போகும் உரத்துக்கு நிலக்காரர் இழப்பீடு தர வேண்டும். முதல் சட்டத்தில் நிலக்காரர் விரும்பினால் தப்பித்துக்கொள்ளலாம், இரண்டாவதில் முடியாது. எவ்வளவு என்று எப்படிக் கணக்கிடுவது? ராதம்ஸ்டெட் ஆய்வுநிலையத்தின் லாஸும் கில்பர்ட்டும் அதற்கு அட்டவணை போட்டார்கள். 1902இல் அந்த அட்டவணையைத் திருத்தி எழுதிய இருவரில் ஒருவர் இதே வோல்க்கர்.

அதே பேரரசில், வோல்க்கர் இந்தியாவிலிருந்து திரும்பிய 1891இல், எங்கள் ஊர்களையும் உள்ளடக்கிய அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் டிரெமன்ஹீர் பறையர்களின் நிலையைப் பற்றித் தம் அறிக்கையை எழுதினார். தரிசாகக் கிடக்கும் அரசு நிலத்தைக்கூட எங்கள் மக்கள் விண்ணப்பித்துப் பெற முடியாதபடி மிராசுதார்களின் முன்னுரிமை தடுத்துக்கொண்டிருந்த காலம். அதன் தொடர்ச்சியாக 1892இல் பஞ்சமி நில ஆணை வந்ததையும், அந்த நிலங்களுக்கு என்ன ஆனது என்பதையும் இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே வெளியேறும் குத்தகைக்காரரின் எருவுக்கும் விலை இருந்தது. இங்கே எருச் சுமந்தவருக்கு நிலத்தில் கால் வைக்கவே உரிமை இல்லை.

இங்கேயும் சட்டம் இல்லாமல் இல்லை. 1955இன் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், 1969இன் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டமும் இருக்கின்றன. ஆனால் பதிவு என்று வாயைத் திறந்தால் அடுத்த பருவத்தில் நிலம் இருக்காது. அதனால் யாரும் திறப்பதில்லை. இதன் விளைவு மண்ணில் தெரிகிறது. அடுத்த ஆண்டு இருப்போமா என்று தெரியாதவர் எருவோ வண்டலோ ஏன் அடிக்கப் போகிறார்? 45 கிலோ 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கும் யூரியாவைத்தான் போடுவார். அது இந்தப் பருவத்திலேயே பச்சை காட்டும். பிறகு டீக்கடையில் உட்கார்ந்து, "அவனுங்களுக்கு எங்க வெள்ளாம தெரியும், மண்ணையே கெடுத்துட்டானுங்க" என்று பேசுவார்கள். இந்தப் பேச்சை நான் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

நிலமே வேண்டும் என்று கேட்க வேண்டிய நேரத்தில் உரத்துக்குக் கணக்குக் கேட்பதா என்று சில தோழர்கள் நினைக்கலாம். நிலம் கேட்கும் போராட்டத்தை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் கும்மிடிப்பூண்டியில் இன்றைய நிலைமை வேறு. கிடங்குக்கோ மனைக்கோ விலை வரும் என்று நிலத்தைப் பிடித்துவைத்திருப்பவர்கள் குத்தகைப் பதிவு என்றாலே தரிசாகப் போட்டுவிடுவார்கள். அந்த அச்சம் பொய்யல்ல. போட்ட உரத்துக்கான இழப்பீடு நிலத்தைக் கட்டிப்போடாது, பணத்தோடு முடியும். கடை ரசீதும், பயிர் கருகியதற்குக் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் பதிவும், ஒரு மண் பரிசோதனையும் போதும். வறட்சி அறிவிக்கப்பட்ட ஆண்டுக்கு மட்டுமாவது இதை விதியாக்கலாம். நிவாரணத் தொகையில் உரச்செலவுக்கான பங்கைச் சாகுபடி செய்தவர் கணக்கில் போடுவது இன்னும் எளிது.

அதற்கு முதலில் சாகுபடி செய்தவர் யார் என்று அரசுக்குத் தெரிய வேண்டும். இப்போது விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இனி திட்டங்கள் எல்லாம் அந்த எண் வழியாகத்தான் என்கிறார்கள். அம்மாவை முகாமுக்கு அழைத்துப் போனேன். 40 ஆண்டுகளாக நாற்று நட்டவர். கணினியில் உட்கார்ந்திருந்த இளைஞர் ஆதாரை வாங்கிப் பார்த்துவிட்டு, "பட்டா நம்பர் சொல்லுங்கம்மா" என்றார்.