‘டெட்’ என்று சொல்லும் அதிகாரம்

சில மாதங்களுக்கு முன்னர், எமது ஆசிரிய பீடத்துக்குப் புதிதாக வந்திருந்த பயிற்சி நிருபர் ஒருவர் வெளிநாட்டுத் தேர்தல் செய்தியொன்றைத் தமிழாக்கி என் மேசையில் வைத்தார். ‘பிரதான வேட்பாளர்கள் இருவரும் கடும் வெப்பத்தில் சிக்கியுள்ளனர்’ என்று செய்தி தொடங்கியது. எந்த நாட்டில் இந்த வெயில் என்று மூலத்தைப் பார்த்தேன். அதில் இருந்தது ‘டெட் ஹீட்’. குதிரைப் பந்தயத்தில் ‘ஹீட்’ என்றால் ஓட்டச் சுற்று. இரு குதிரைகள் ஒரே கணத்தில் எல்லைக் கோட்டைத் தொட்டு, வென்றது எதுவெனப் பிரித்தறிய முடியாது போனால் அந்தச் சுற்று ‘டெட்’. வேட்பாளர்கள் சமநிலையில் நிற்கிறார்கள் என்பதே செய்தி.

அவரைப் பார்த்துச் சிரிக்கும் தகுதி எனக்கு இல்லை. பத்திரிகைத் தொழிலில் எனது முதலாவது வருடத்திலே, கடற்பயணம் பற்றிய கட்டுரையொன்றில் வந்த ‘டெட் ரெக்கனிங்’ என்பதை ‘மரணக் கணக்கு’ என்று எழுதிக் கொடுத்து, செய்தி ஆசிரியரிடம் வாங்கிக் கட்டியவன் நான். விண்மீனும் கரையும் தெரியாத வேளையில், கப்பலின் வேகம், திசை, கழிந்த நேரம் ஆகியவற்றைக் கொண்டு மாலுமி தன் இருப்பிடத்தைக் கணிக்கும் முறைக்கு அப்படியொரு பெயர்.

உயிரற்றது என்ற ஒரே பொருளைச் சொல்ல வந்த இந்தச் சிறிய ஆங்கிலச் சொல் எத்தனை வேடம் போடுகிறது! மின்சாரம் பாயாத கம்பி ‘டெட்’. வெளியேற வழியற்ற தெரு ‘டெட் என்ட்’. பேச்சுவார்த்தை நகராமல் நின்றால் ‘டெட்லொக்’. விற்பனையாகாமல் களஞ்சியத்தில் கிடக்கும் பொருள் ‘டெட் ஸ்ரொக்’. சிரிப்பை வரவழைத்துவிட்டுத் தான் சிரிக்காதவனின் முகம் ‘டெட்பேன்’. தொடரின் வெற்றி முடிவான பிறகு ஆடப்படும் எஞ்சிய ஆட்டம் ‘டெட் ரப்பர்’. உயிரைக் காப்பதற்கும் இதே சொல் உண்டு. ரயில் சாரதி மயங்கிக் கைப்பிடியை விட்டுவிட்டால் வண்டியைத் தானாக நிறுத்தும் பொறிக்குச் ‘செத்தவன் கைப்பிடி’ என்று பொருள்படும் பெயரைத்தான் ஆங்கிலேயர் வைத்தனர்.

இன்னொரு வேடம் இன்னும் விசித்திரமானது. ‘டெட் ஷுவர்’ என்றால் முழு நிச்சயம். ‘டெட் ஸ்லோ’ என்றால் மிக மிக மெதுவாக. இங்கே சாவு எங்கிருந்து வந்தது? சாவைப் போல் முழுமையானது வேறில்லை. ஆகவே ‘முற்றாக’ என்று சொல்ல வேண்டிய இடமெல்லாம் ஆங்கிலேயர் அந்தச் சொல்லைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டனர்.

எங்கள் தமிழும் இதில் பின்னிற்கவில்லை. காய்ந்த மிளகாயை ‘செத்தல் மிளகாய்’ என்று சொல்லாத ஈழத்துச் சமையலறை உண்டா? மரணம் நிகழ்ந்த வீட்டை யாழ்ப்பாணத்தார் ‘செத்தவீடு’ என்கிறோம். உண்மையில் செத்தது வீடல்ல. செத்த பாம்பை அடிக்கிறான் என்று நாம் ஏளனம் செய்யும் இடத்தில் ஆங்கிலேயர் செத்த குதிரையைச் சவுக்கால் அடிக்கிறார்கள். கடந்த காலத்துக்கு நம் இலக்கணகாரர் வைத்த பெயரே இறந்த காலம்.

பல்கலைக்கழகத்தில் எமக்குத் தமிழ் படிப்பித்த பேராசிரியர் ஒருவர் இந்தச் சொல்லிலேயே ஒரு முழு விரிவுரையைச் செலவிட்டார். ‘இறத்தல்’ என்பதன் பழைய பொருள் கடத்தல், எல்லை தாண்டுதல் என்பதாம். பொச்சாவாமை அதிகாரத்தில் அளவு கடந்த சினத்தைக் குறிக்க வள்ளுவர் ‘இறந்த’ என்ற சொல்லையே ஆள்கிறார். ‘இறப்ப’ என்றால் மிகவும் என்று பொருள். ஆக, சாவைக் குறிக்கும் சொல்லே ‘மிக’ என்றும் பொருள் தருவது ஆங்கிலேயரின் தனிச் சொத்தல்ல.

எல்லை தாண்டுதல் என்றதும் பத்திரிகைக்காரனுக்கு நினைவு வருவது ‘டெட்லைன்’. இரவு பத்து மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போக வேண்டும் என்று நாளாந்தம் எம்மை விரட்டும் இந்தச் சொல் பிறந்த இடம் பத்திரிகை அலுவலகம் அல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864 இல், ஜோர்ஜியா மாநிலத்தின் அன்டர்சன்வில் என்னும் இடத்தில் தென்மாநிலத்தார் ஒரு போர்க்கைதிகள் முகாமைத் திறந்தனர். அதன் வெளிமதிலுக்கு உள்ளே சற்றுத் தள்ளித் தாழ்ந்த மரவேலி ஒன்று ஓடியது. அதைத் தாண்டும் கைதியைக் காவலர் கேள்வியின்றிச் சுடலாம். அந்தக் கோட்டின் பெயர்தான் ‘டெட்லைன்’. அங்கு அடைக்கப்பட்ட சுமார் 45,000 பேரில் ஏறத்தாழ 13,000 பேர் நோயாலும் பட்டினியாலும் மாண்டனர். முகாமின் பொறுப்பதிகாரி ஹென்றி வேர்ஸ் 1865 நவம்பரில் தூக்கிலிடப்பட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பத்திரிகைகள் இந்தச் சொல்லை நேர எல்லைக்கு எடுத்துக்கொண்டன.

அச்சுக்கூடத்திலும் இந்தச் சொல் இருந்தது. ஈய எழுத்துக் காலத்தில் வேலை செய்த மூத்த அச்சுக்கோப்பாளர் ஒருவர் எனக்கு விளக்கியிருக்கிறார். கோத்து முடித்து அச்சுக்குக் காத்திருக்கும் எழுத்து உயிருள்ளது. அச்சாகி முடிந்து, பிரித்து மீண்டும் பெட்டியறைகளில் போட வேண்டியது ‘டெட்’. “ஆனால் தம்பி, அது செத்திட்டுதெண்டு நான் முடிவெடுக்கேலாது. ஆசிரியர் கையெழுத்து வைக்க வேணும். வைக்கும்வரை ஒரு எழுத்திலயும் கை வைக்கமாட்டம்” என்றார்.

அன்று இதை நான் ஒரு தொழிற்கூட வழக்கமாக மட்டுமே எடுத்துக்கொண்டேன். பின்னர் யோசிக்கையில், இந்தச் சொல் ஆளப்படும் பல இடங்களிலும் இதே நியாயம் இருப்பதைக் கண்டேன். ஒன்றை ‘டெட்’ என்பது ஒரு தீர்ப்பு. அதைச் சொல்வதற்கு ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். சொல்வதற்கு முன்னர் அவர் செய்ய வேண்டிய வேலையும் ஒன்று உண்டு.

தபாலை எடுத்துக்கொள்ளுங்கள். முகவரி தெளிவில்லாமலும் பெறுவோர் கிடைக்காமலும் தேங்கிய கடிதம் ‘டெட் லெட்டர்’. அமெரிக்காவில் 1825 இலேயே இதற்கெனத் தனி அலுவலகம் ஏற்படுத்தப்பட்டது. அங்கிருந்தவர்களின் முதல் வேலை கடிதத்தை எரிப்பதல்ல. கடிதத்தைத் திறந்து, உள்ளே ஒரு பெயரோ ஊரோ கிடைக்குமா என்று துப்புத் துலக்கி, உரியவரிடம் சேர்க்க முயல்வதுதான். தேடல் முடிந்த பிறகே அந்தக் கடிதத்தின் கதை முடியும். ஒரு துண்டுக் காகிதத்துக்கே அவ்வளவு மரியாதை.

கிரிக்கெட்டில் இது இன்னும் அழகாக இருக்கிறது. ‘டெட் போல்’ பற்றிப் பேசுவது 2017 ஆம் ஆண்டு விதித் தொகுப்பின் 20 ஆவது விதி. விக்கெட் காப்பாளரின் கையில் பந்து நிலைபெறுவது, எல்லைக் கோட்டைத் தொடுவது என்று பல சந்தர்ப்பங்களை அது சொல்கிறது. அவற்றுள் ஒன்றை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். களத்தடுப்பாளரும் துடுப்பாட்டக்காரர் இருவரும் பந்து இன்னும் ஆட்டத்தில் இருக்கிறது என்று கருதுவதை விட்டுவிட்டார்கள் என்பது பந்துவீச்சு முனை நடுவருக்குத் தெளிவாகத் தெரிந்தால், பந்து உயிரற்றது. இரு தரப்பும் விட்டுவிட வேண்டும். ஒரு தரப்பு மட்டும் ‘முடிந்தது’ என்று முதுகைத் திருப்பினால் போதாது.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன்.

2011 இல் நான் யாழ்ப்பாணத்தில் பத்திரிகை ஒன்றில் இரவுப் பக்கங்களுக்குப் பொறுப்பாக இருந்தேன். வன்னியிலிருந்து வந்த ஒரு தாய், தன் மகனின் படத்துடன் பிறந்தநாள் வாழ்த்து விளம்பரம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பக்கம் அமைத்தவர் அந்தப் படத்தை நினைவஞ்சலிகளுக்குரிய கறுப்புச் சட்டத்துக்குள் வைத்துவிட்டார். ‘மலர்வு’ என்ற இடத்தில் பிறந்த திகதி இருந்தது. ‘உதிர்வு’ என்ற இடம் வெறுமையாக இருந்தது. அந்தப் பக்கத்துக்கு இறுதிக் கையெழுத்து வைத்தவன் நான். பத்து மணியைத் தாண்டக் கூடாதே என்ற பதற்றத்தில் அந்த வெற்றிடம் என் கண்ணிற் படவில்லை.

மறுநாள் மதியம் அவர் பத்திரிகையைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி என் முன்னால் வந்து நின்றார். சத்தம் போடவில்லை.

“தம்பி, என்ர பிள்ளை செத்துப்போனான் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?”

நான் மன்னிப்புக் கேட்டேன். தவறுதலாக நடந்துவிட்டது, அம்மா, நாளைக்கே சரியாகப் போடுகிறோம் என்றேன். அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

“2009 மே மாதம் வட்டுவாகலில என்ர கையால பிடிச்சுக் குடுத்தனான். குடுத்த இடத்தில இருக்கிறவை இன்னும் ஒண்டும் சொல்லேல்லை. நீங்கள் எப்பிடிச் சொல்லுவியள்?”

கேட்டுவிட்டு அவர் போய்விட்டார். திருத்திய விளம்பரம் அடுத்த நாள் வெளிவந்தது. அந்தக் கேள்விக்கான பதில் இன்றுவரை என்னிடம் இல்லை.

இந்த நாட்டின் சட்டப் புத்தகத்திலும் இதே கேள்வி உண்டு. மோதல்களின்போது காணாமற்போய், இறந்திருக்கலாம் எனக் கருதப்படுவோருக்கு மரணச் சான்றிதழ் பெற 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் வழிவகுத்தது. வங்கிக் கணக்கு, காணி, பிள்ளைகளின் அலுவல் என்று எதற்கும் சான்றிதழ் தேவைப்பட்ட நிலையில் சிலர் அதைப் பெற்றனர். அவர்களைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. பலர் மறுத்தனர். 2016 இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, இறந்தார் என்று சொல்லாமல் ஆள் காணக்கிடைக்கவில்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் அறிமுகமானது. உயிருக்கும் சாவுக்கும் நடுவே ஒரு நிலை உண்டு என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்ட அரிய சந்தர்ப்பம் அது. 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் உறவினர்கள் வீதியோரத்தில் அமர்ந்து தொடர் போராட்டத்தைத் தொடங்கினர்.

பின்னர் 2020 ஜனவரியில், அப்போதைய ஜனாதிபதி கோத்தாபய ராஜபக்ஷ ஐக்கிய நாடுகளின் வதிவிட இணைப்பாளருடனான சந்திப்பில், காணாமற்போனோர் உண்மையில் இறந்துவிட்டனர் என்று குறிப்பிட்டதாக ஜனாதிபதி ஊடகப் பிரிவு அறிவித்தது. தேவையான விசாரணைகளின் பின்னர் மரணச் சான்றிதழ் வழங்கப்படும் என்றும் அவ்வறிக்கை கூறியது. வரிசையைக் கவனியுங்கள். முதலில் ‘டெட்’. விசாரணை பிறகு. தபாற்காரனும் அச்சுக்கோப்பாளனும் கிரிக்கெட் நடுவரும் கைக்கொள்ளும் ஒழுங்கு இங்கே தலைகீழாகிப் போனது.

காணாமற்போனோரில் பெரும்பாலானோர் திரும்பி வருவார்கள் என்று நான் நம்புகிறேனா என்று வாசகர் கேட்கலாம். இல்லை. நம்பிக்கை வேறு, அறிவு வேறு. அந்தத் தாய்மாரிற் பலருக்கும் அது உள்ளூரத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அவர்கள் கேட்பது ‘உயிரோடு இருக்கிறான் என்று சொல்லுங்கள்’ என்பதை மட்டுமல்ல. எங்கே, எப்போது, யாருடைய கையால் என்றும் கேட்கிறார்கள். அதைச் சொல்லக் கூடியவர்கள் சொல்லாமல், ‘இறந்துவிட்டனர்’ என்ற சொல்லை மட்டும் நீட்டினால், அது பதிலாகாது. கோப்பை மூடுவதற்கு வைக்கும் முத்திரை மட்டுமே. பிள்ளையைத் தேடிய பெற்றோரிற் பலர் பதில் தெரியாமலே காலமாகிவிட்டனர். அவர்களுடைய மரண அறிவித்தல்களையும் எங்கள் பத்திரிகைகளே பிரசுரித்தன.

பயிற்சி நிருபருக்கு ‘டெட் ஹீட்’டை விளக்கிய அன்று மாலை இந்தக் கதையையும் சொன்னேன். தேர்தல் செய்தியில் வெப்பத்தைக் கொண்டுவந்தால் நாளைக்கு ஒரு திருத்தம் போட்டுவிடலாம், வாசகரும் சிரித்துவிட்டு மறந்துவிடுவார். காணாமற்போன ஒருவரைப் பற்றி எழுதும்போது, ‘இறந்த’ என்ற சொல் தானாக விரலில் வந்து விழும். அப்போது நிறுத்தி, இதைச் சொன்னது யார், எதைக் காட்டிச் சொன்னார் என்று கேட்க வேண்டும். விடை இல்லையென்றால், பக்கம் போகும் நேரம் எவ்வளவு நெருங்கினாலும் அந்த இடத்தை வெறுமையாகவே விடுங்கள் என்றேன்.