'மகனிடமிருந்தும்': ஒரு சொல்லுக்காக ஆயிரம் வருடச் சண்டை

கடவுள் ஒருவரே, தந்தை, மகன், தூய ஆவியார் என மூவராக இருக்கிறார். இது பெரும்பாலான கிறிஸ்தவர்களின் பொது நம்பிக்கை. அப்படியானால் ஆவியார் புறப்படுவது தந்தையிடமிருந்து மட்டுமா, மகனிடமிருந்துமா?

381-ல் கான்ஸ்டான்டிநோபிள் பொதுச்சங்கத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் நைசீன் நம்பிக்கை அறிக்கையில் 'தந்தையிடமிருந்து' என்று மட்டுமே இருந்தது. பிற்பாடு லத்தீன் திருச்சபை 'மகனிடமிருந்தும்' என்று சேர்த்தது. லத்தீனில் 'ஃபிலியோக்வே', ஒரே சொல். மகன் தந்தைக்குக் குறைந்தவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்ற கவலை அவர்களுக்கு. கிழக்கே ஆர்த்தடாக்ஸ் சபைகளுக்கோ, 'கடவுளுக்குள் இரண்டு ஊற்றா?' என்ற பயம். அதோடு, எங்களைக் கேட்காமல் எப்படிச் சேர்க்கலாம் என்ற கோபம். 1054 பிளவின் காரணங்களில் இதுவும் ஒன்று. (போப்பின் அதிகாரம் தனிக் கதை.)

1995-ல் வத்திக்கான் ஒரு விளக்கம் வெளியிட்டது. 'புறப்படுதல்' என்பதற்கான கிரேக்கச் சொல், முதல் ஊற்றிலிருந்து கிளம்புவதைக் குறிக்கும். லத்தீன் சொல் அவ்வளவு கறாரானதல்ல. ஒருவர் வழியாக வருவதற்கும் பொருந்தும். ஆக, தந்தையே ஒரே ஊற்று என்பதில் ரோமுக்கும் மறுப்பில்லை! எதிர்த்தரப்பின் சொல்லை அவர்கள் மொழியிலேயே படித்ததில் கிடைத்த தெளிவு இது.

2004 ஜூனில் ரோமில் போப் இரண்டாம் ஜான் பாலும் ஆர்த்தடாக்ஸ் முதுபெரும் தந்தை பர்த்தலோமேயுவும் அந்த அறிக்கையைக் கிரேக்கத்தில், அந்தச் சொல் இல்லாமல் சேர்ந்து சொன்னார்கள். லூத்தரன் சபையினரும் ஆர்த்தடாக்ஸ் சபையினரும் 2024-ல் இதே விஷயத்தில் கூட்டறிக்கை தந்தார்கள்.

ஆவியார் புறப்படுவதில் மகனுக்கு என்ன பங்கு என்பதை இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நம்மூர் கத்தோலிக்கக் கோயில்களில் நைசீன் அறிக்கை சொல்லும்போது 'மகனிடமிருந்தும்' இன்றும் உண்டு.