ஆண்டிஸ் மலையில் அடைமழை

அகுவாஸ் கலியென்டெஸ் என்றால் ஸ்பானிஷ் மொழியில் வெந்நீர் என்று பொருள். வெந்நீர் ஊற்றால் வந்த பெயர். பெரு நாட்டில் மச்சு பிச்சு மலையின் அடிவாரத்தில், உருபம்பா ஆற்றங்கரையில் ஒட்டிக்கொண்டிருக்கும் இந்தச் சிற்றூருக்கு வெளியிலிருந்து சாலை கிடையாது. ரயிலில் வரவேண்டும், இல்லாவிட்டால் தண்டவாளத்தை ஒட்டி நடந்து வரவேண்டும். 2010 ஜனவரி கடைசி வாரத்தில் ரயிலும் இல்லாமல் போயிற்று.

விடாமல் கொட்டிய மழையில் ஆறு கரையை அரித்தது. மலை சரிந்தது. தண்டவாளம் பல இடங்களில் மண்ணுக்கடியில் போயிற்று, சில இடங்களில் அந்தரத்தில் தொங்கியது. பல நாடுகளிலிருந்தும் வந்திருந்த சுமார் 4,000 சுற்றுலாப் பயணிகள் அந்தப் பள்ளத்தாக்கில் மாட்டிக்கொண்டார்கள். விடுதிகள் நிரம்பின. இடம் கிடைக்காதவர்கள் நின்றுபோன ரயில் பெட்டிகளில் படுத்தார்கள். சாப்பாட்டின் விலை ஏறியது. ஹெலிகாப்டர்கள் வந்தன. முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் முன்னுரிமை என்று அறிவித்தார்கள். காசு உள்ளவர்கள் வரிசையைத் தாண்டிப் போகிறார்கள் என்று கீழே நின்றவர்கள் கத்தினார்கள். இன்கா நடைபாதையில் மண்சரிவில் சிக்கி அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஒரு பயணியும், பெரு நாட்டு வழிகாட்டி ஒருவரும் இறந்தார்கள். பயணிகள் எல்லோரையும் வெளியேற்ற ஐந்தாறு நாட்கள் பிடித்தன. மச்சு பிச்சு மறுபடி திறந்தது ஏப்ரல் 1 அன்றுதான்.

உலகத் தொலைக்காட்சிகள் ஹெலிகாப்டரைக் காட்டின. அதே மழையில் குஸ்கோ பிரதேசத்தின் கிராமங்களில் பச்சைச் செங்கல் வீடுகள் கரைந்து உட்கார்ந்ததைக் காட்ட அவ்வளவு அவசரம் யாருக்கும் இல்லை. தராய், லுக்ரே போன்ற ஊர்களில் குடும்பங்கள் கூடாரத்துக்குப் போயின. அவர்களை ஏற்றிக்கொண்டு போக எந்த விமான நிலையமும் காத்திருக்கவில்லை. அவர்கள் போக வேண்டிய ஊர் அதுதானே.

ஆண்டிஸ் மழையைப் பற்றிப் பயணியின் கணக்கு ஒன்று, மலைக்காரனின் கணக்கு வேறொன்று. பயணக் கையேடுகள் எல்லாம் முதல் கணக்கைத்தான் எழுதுகின்றன: மே முதல் செப்டம்பர் வரை போங்கள், டிசம்பர் முதல் மார்ச் வரை தவிர்த்துவிடுங்கள். தப்பான யோசனை அல்ல. ஆனால் கெச்சுவா மொழியில் மழைக்காலத்துக்கு வழங்கும் ஒரு பெயருக்குப் பயிர் முற்றும் காலம் என்று பொருள். கையேடு மோசமான பருவம் என்பதைத்தான் உருளைக்கிழங்கு விதைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர் நல்ல பருவம் என்கிறார்.

முதல் தடவை போகிறவருக்குக் குழப்பம் தலைநகர் லிமாவிலேயே ஆரம்பிக்கும். பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஜனவரி கோடைகாலம். லிமாவில் வெயில் காய்கிறது, கடற்கரையில் கூட்டம். ஆண்டு முழுக்க அங்கே பெய்வதைக் கூட்டினாலும் ஒரு டம்ளரின் அடி நனைந்தால் அதிகம். ஒன்றேகால் மணி நேரம் விமானத்தில் பறந்து குஸ்கோவில் இறங்கினால் சால்வை போர்த்தியவர்கள், நனைந்த கல் தெரு, ஓட்டுக் கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர். காலண்டர்படி கோடையாக இருக்கும் இந்த மாதங்களை மலைவாசிகள் பேச்சுவழக்கில் குளிர்காலம் என்றே சொல்கிறார்கள். கடல் மேற்கே பக்கத்தில் இருந்தும் மழை அங்கிருந்து வருவதில்லை. பசிபிக்கின் கரையோர நீரோட்டம் குளிர்ந்தது, மேகத்தை எழவிடாது. அட்லாண்டிக்கில் புறப்பட்ட ஈரம் அமேசான் காடு முழுவதையும் கடந்து, கிழக்குச் சரிவில் முட்டி மேலேறி மழையாகிறது. நம் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதுவது போலத்தான், திசை மட்டும் தலைகீழ்.

குஸ்கோவில் ஆண்டுக்கு சுமார் 700 மி.மீ. மழை. அதில் பெரும்பகுதி இந்த நான்கைந்து மாதங்களிலேயே தீர்ந்துவிடும். நாள் முழுக்கப் பெய்வதில்லை. காலை பெரும்பாலும் தெளிவாக இருக்கும். மதியத்துக்கு மேல் கறுத்து, இடியும் ஆலங்கட்டியுமாக ஒரு பாட்டம் அடித்து ஓயும். அனுபவப்பட்ட பயணிகள் விடியற்காலையில் கிளம்பி இரண்டு மணிக்குள் ஒரு கூரையைப் பிடித்துவிடுகிறார்கள். நகரம் நிற்பது 3,400 மீட்டர் உயரத்தில், கிட்டத்தட்ட நம் லே நகரத்துக்குச் சமம். நனைந்த உடையோடு நடுங்குவதும் மூச்சுத் திணறலும் ஒன்று சேர்ந்தால் விடுதியில் தரும் கோகா இலைத் தேநீர் மட்டும் போதாது. முதல் இரண்டு நாள் சும்மா கிடப்பதே வைத்தியம்.

பிப்ரவரி மாதம் முழுவதும் இன்கா நடைபாதை மூடிக் கிடக்கும். சுமார் 43 கி.மீ., நான்கு நாள் நடை, நடுவில் 4,200 மீட்டருக்கு மேல் ஒரு கணவாய். அதன் பெயர் வார்மிவாஞுஸ்கா, இறந்த பெண் என்று பொருள். மற்ற மாதங்களில் நாளொன்றுக்கு 500 பேருக்கு அனுமதி. அதில் பாதிக்கு மேல் சுமை தூக்குகிறவர்களும் வழிகாட்டிகளும்தான். பயணிகள் 200 பேர் தேறுவார்கள். ஒருவர் 20 கிலோவுக்கு மேல் சுமக்கக் கூடாது என்று சட்டம் வந்தது 2001ல். சுமை தூக்குகிறவர்களில் பலர் மேட்டு நிலக் கிராமங்களின் விவசாயிகள். பிப்ரவரியில் பாதை மூடும்போது கூலி நிற்கிறது. ஆனால் கிழங்குச் செடிக்கு மண் அணைக்கும் வேலையும் மழைக்காலத்தில்தான்.

மச்சு பிச்சு மூடுவதில்லை. உண்மையில் அதை மழையில்தான் பார்க்க வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. மேகம் வந்து மறைக்கும், விலகும் என்ற அழகுக்காக மட்டும் அல்ல. அந்த நகரம் மழைக்காகவே கட்டப்பட்டது. ஆண்டுக்கு ஏறக்குறைய 2,000 மி.மீ. மழை கொட்டும் ஒரு மலைமுதுகில், இரு பக்கமும் செங்குத்துச் சரிவு, அடியில் நிலப்பிளவு. 15ஆம் நூற்றாண்டில் இன்காக்கள் இங்கேதான் கல்லை அடுக்கினார்கள். 1990களில் அமெரிக்க நீர்ப் பொறியாளர் கென்னத் ரைட், பெருவின் தொல்லியலாளர் அல்ஃப்ரெடோ வலென்சியாவுடன் சேர்ந்து இந்த நகரத்தை ஒரு பொறியாளரின் கண்ணால் ஆராய்ந்தார். கோயிலை விட்டுவிட்டுச் சாக்கடையைத் தேடினார் என்று சொல்லலாம். கிடைத்தது வாயைப் பிளக்க வைக்கும் விவரம். சுவர்களிலும் படிகளிலும் சுமார் 130 வடிகால் வாய்கள். படிப்படியான வயல்களைத் தோண்டினால் மேலே வளமான மண், அதன் கீழே மணலும் சரளையும், அடியில் பெரிய கற்கள். விழும் மழை தேங்காமல் மண்ணுக்குள் வடிந்து போகும். நடு மைதானத்தின் அடியில் கல் கொத்தியபோது தெறித்த சில்லுகளைக் கொட்டி நிரப்பியிருக்கிறார்கள். மொத்த உழைப்பில் சுமார் 60 சதவிகிதம் கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்கடியில் போயிருக்கிறது என்பது ரைட்டின் மதிப்பீடு.

2010 மழையில் மேலே இருந்த இந்தப் பழைய நகரத்துக்குச் சேதம் ஏற்படவில்லை. கீழே ஆற்றங்கரையில் சிமெண்டில் கட்டிய புதிய ஊர்தான் தவித்தது. 2022 ஜனவரியில் மறுபடியும் அதே ஊருக்குள் ஓடை புகுந்து, ரயில் நின்றது. ஆற்றை ஒட்டி விடுதி கட்டினால் ஜன்னலைத் திறந்ததும் தண்ணீர் தெரியும் என்று விளம்பரம் செய்யலாம்தான். 2013 ஜூனில் கேதார்நாத்தில் மந்தாகினிக் கரையைப் பார்த்த இந்தியர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

மலையிலிருந்து சேறும் பாறையும் மரமும் கலந்து பாயும் வெள்ளத்துக்குப் பெருவில் உவாய்க்கோ என்று பெயர். கெச்சுவாவிலிருந்து ஸ்பானிஷுக்குப் போன சொல். 1998இன் மழைக்காலத்தில் இப்படி இறங்கிய வெள்ளங்கள் சாந்தா தெரேசா என்ற ஊரை அழித்தன. மச்சு பிச்சு நீர்மின் நிலையத்தைப் புதைத்தன. அதற்கு அப்பால் கில்யபம்பா வரை போய்க்கொண்டிருந்த ரயில் பாதையை விழுங்கின. ஊரை மேட்டில் மறுபடி கட்டினார்கள். ரயில் பாதையைக் கட்டவில்லை. இன்றும் வண்டி மின்நிலையத்தோடு நின்றுவிடுகிறது. காசு குறைந்த இளைஞர்கள் சாலை வழியே சுற்றி வந்து அங்கே இறங்கித் தண்டவாளத்தோரம் நடக்கிறார்களே, அந்த முனையம் ஒரு மழை நிர்ணயித்தது.

எல்லை தாண்டி பொலிவியாவுக்குப் போனால் சாலைகள் வேறு பாடம் நடத்துகின்றன. வலது பக்கம் வண்டி ஓட்டும் நாடு அது. ஒரே ஒரு சாலையில் மட்டும் இந்தியாவைப் போல இடது பக்கம். லா பாஸிலிருந்து கொரோய்க்கோவுக்கு இறங்கும் பழைய யுங்காஸ் சாலை, 1930களில் சாகோ போரில் பிடிபட்ட பராகுவே கைதிகளை வைத்துப் போட்டது. 4,650 மீட்டர் உயரக் கணவாயிலிருந்து 1,200 மீட்டருக்கு இறங்குகிறது. பல இடங்களில் ஒரு லாரி போகும் அகலம்தான். இறங்கும் வண்டி பள்ளத்தின் ஓரமாக, அதாவது இடது பக்கமாகப் போக வேண்டும் என்று விதி. டிரைவரின் இருக்கை இடது பக்கம் இருப்பதால் ஜன்னல் வழியே தலையை நீட்டித் தன் சக்கரம் மண்ணில் இருக்கிறதா, காற்றில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்! மழையில் அருவிகள் சாலை மேலேயே விழும். 1983 ஜூலையில் ஒரு பஸ் உருண்டு 100 பேருக்கு மேல் இறந்தார்கள். 2006ல் மாற்றுச் சாலை திறந்தபின் லாரிகள் அங்கே போய்விட்டன. பழைய சாலையில் இப்போது பெரும்பாலும் சைக்கிளில் வரும் சுற்றுலாப் பயணிகள். முன்பு வேறு வழியில்லாமல் போனார்கள், இப்போது காசு கொடுத்துப் போகிறார்கள்.

மழைக்குப் பயணி நன்றி சொல்லும் இடமும் பொலிவியாவிலேயே இருக்கிறது. 10,000 சதுர கி.மீ.க்கு மேல் பரந்த உயுனி உப்புப் பாலைவனத்தில் விரற்கடைத் தண்ணீர் நின்றால் வானம் முழுவதும் தரையில் தெரியும். மற்றவர்கள் மழைக்காகக் காத்திருப்பது படம் எடுக்க அல்ல. 2016ல் மழை தள்ளிப்போனபோது லா பாஸின் அணைகள் வறண்டன. நவம்பரில் அரசு அவசர நிலை அறிவித்தது. லாரித் தண்ணீருக்கு மக்கள் வாளியும் குடமுமாக வரிசையில் நின்றார்கள். நகரத்துக்குத் தலைக்கு மேலே இருந்த சகல்தாயா பனியாறு 2009லேயே முழுவதுமாக மறைந்துவிட்டிருந்தது. பனி கரைந்து கை கொடுக்கும் என்ற நம்பிக்கை குறையக் குறைய மழை மீதுள்ள பாரம் கூடுகிறது.

அதனால்தானோ என்னவோ, பொலிவிய மலைக் கிராமங்களில் மழைக்கென்று தனி வாத்தியம் இருக்கிறது. நவம்பர் தொடக்கத்தில் இறந்தோர் திருநாள் முதல் பிப்ரவரி, மார்ச்சில் வரும் கார்னிவல் வரை பிங்கில்யோ, தார்க்கா என்ற மரக்குழல்கள்தான் ஒலிக்க வேண்டும். அவற்றின் ஓசை மழையை அழைக்கும். குழாய்களை வரிசையாகக் கட்டிய சிக்கு வறண்ட காலத்துக்கு உரியது. பயிர் நிற்கும்போது அதை ஊதினால் மழை ஓடிவிடும், உறைபனி வரும் என்பது நம்பிக்கை. குஸ்கோ உணவு விடுதிகளில் பயணிகளுக்காகச் சிக்குவை ஜனவரியிலும் ஊதுகிறார்கள். அதற்கு மழை என்ன செய்யும் என்று யாரும் விசாரிப்பதில்லை.

நம்பிக்கைதானே என்று தள்ளிவிட முடியாத ஒன்றும் உண்டு. ஜூன் மாதத்தில் புனித யோவான் திருநாளை ஒட்டிய சில இரவுகளில், விடிவதற்கு முன் மலைமேல் ஏறி கிழக்கே எழும் ஒரு நட்சத்திரக் கூட்டத்தைப் பார்ப்பது பெரு, பொலிவிய விவசாயிகளின் வழக்கம். அது நம் கார்த்திகைதான். தெளிவாகப் பிரகாசித்தால் வரும் பருவத்தில் நல்ல மழை. மங்கலாகத் தெரிந்தால் மழை குறைவு. உருளைக்கிழங்கு நடவைச் சில வாரங்கள் தள்ளிப்போடு. 2000 ஜனவரியில் பெஞ்சமின் ஆர்லவ், ஜான் சியாங், மார்க் கேன் மூவரும் ‘நேச்சர்’ இதழில் இதற்கு விளக்கம் தந்தார்கள். எல் நினோ ஆண்டுகளில் ஜூன் வானத்தில் மிக உயரத்தில், கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய மேகப் படலம் கூடுகிறது. அது நட்சத்திர ஒளியை மங்கச் செய்கிறது. அதே எல் நினோதான் அங்கே அடுத்த மழையையும் குறைக்கிறது.

புனித யோவான் திருநாள் ஜூன் 24. குஸ்கோவில் அன்று சூரியனுக்கு எடுக்கும் இன்டி ராய்மி விழா. நகரம் நிரம்பி வழியும்; விடுதியில் இடம் கிடைக்காது. ஒரு சொட்டு மழையும் இல்லாத நாட்களாகப் பார்த்து வந்த பயணிகள் தூங்கிக்கொண்டிருக்கும் விடியற்காலையில், மேட்டுக் கிராமத்தில் சிலர் போர்வையைப் போர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்து, கார்த்திகையைப் பார்த்து அடுத்த ஜனவரியின் மழையை எடைபோட்டுக்கொண்டிருப்பார்கள்.